சவ்வு தடித்துவிட்டால்: சைனஸ் பற்றி வாசகர் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் கடிதங்களில் தும்மினாலும் சைனஸ், தலை வலித்தாலும் சைனஸ், தூசி பட்டாலும் சைனஸ். எல்லாம் ஒரே நோய் அல்ல. 12 வாரங்களுக்கு மேல் விடாமல் நீடிக்கிற நாட்பட்ட சைனஸ் அழற்சியை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். பதில் சொல்பவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவர் குழுவினர்.

கிருஷ்ணகிரி வாசகர், வயது 44: மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்று போன மாதம் ஆபரேஷன் செய்தார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பி ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. 'ஸ்ட்ரோமாவில் நீர்வீக்கம், இயோசினோஃபில் மிகுதி, கோப்ளெட் செல் பெருக்கம், பேஸ்மென்ட் மெம்ப்ரேன் தடிப்பு, மாலிக்னன்சி இல்லை' என்று இருக்கிறது. அதைப் படித்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. இது புற்றுநோயின் ஆரம்பமா? மறுபடி வளருமா?

கடைசி இரண்டு சொற்களை முதலில் படியுங்கள். 'மாலிக்னன்சி இல்லை' என்றால் புற்றுநோய் இல்லை என்று பொருள். இரண்டு பக்கமும் வருகிற சாதாரண மூக்குச் சதை புற்றுநோயாக மாறுகிற வகையும் அல்ல. நிம்மதியாகத் தூங்குங்கள். மற்ற சொற்களைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் புரிந்துகொள்ள வேண்டும். இனி உங்கள் மூக்கை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது அவற்றில்தான் இருக்கிறது.

முக எலும்புகளுக்குள் நான்கு ஜோடி காற்றறைகள் உண்டு: கன்னத்தில், நெற்றியில், இரண்டு கண்களுக்கு நடுவே தேன்கூடு மாதிரி, மண்டைக்குள் ஆழத்தில். நான்குக்கும் உள்ளே விரித்திருப்பது மூக்கில் இருக்கும் அதே சவ்வுதான். அந்தச் சவ்வின் மேல் சிலியா எனப்படும் நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து, பதினைந்து தடவை ஒரே திசையில் அடித்துக்கொண்டே இருக்கும். நடுநடுவே இருக்கும் கோப்ளெட் செல்கள் கோழை சுரக்கும். தூசியும் கிருமியும் அந்தக் கோழையில் ஒட்ட, நுண்மயிர்கள் அதை மூக்கின் பின்பக்கம் தள்ளிவிடும், நாமும் தெரியாமல் விழுங்கிவிடுவோம். கன்ன அறைக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அதன் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. நாம் நிற்கும்போதும் உட்காரும்போதும் கோழை தானாக வடியாது. மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுநீரை மேலே ஏற்றுவது போல நுண்மயிர்கள்தான் ஏற்றியாக வேண்டும். சவ்வு கெட்டால் இந்த ஏற்றம் நின்றுவிடுகிறது. நாட்பட்ட சைனஸ் நோயின் சுருக்கம் இவ்வளவுதான்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். 'ஸ்ட்ரோமா' என்பது சவ்வின் உள்திசு. அதில் 'நீர்வீக்கம்' என்றால் சவ்வுக்கு அடியில் இருக்கும் இரத்தக் குழாய்களிலிருந்து நீரும் புரதமும் கசிந்து திசுவுக்குள் தேங்கியிருக்கிறது. தேங்கத் தேங்க சவ்வு தன் பாரத்தாலேயே கீழே தொங்கும். டாக்டர் எண்டோஸ்கோப் என்ற விளக்குக் குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்க்கும்போது தோல் உரித்த திராட்சை மாதிரி வெளுத்துப் பளபளவென்று தெரிவது இதுதான். அதில் நரம்பு குறைவு என்பதால் தொட்டாலும் வலிக்காது. ஆகவே 'சதை வளர்ந்திருக்கிறது' என்று நாம் சொல்வது உண்மையில் நீர் கோத்துத் தொங்கும் சவ்வு.

'இயோசினோஃபில்' என்பது ஒரு வகை வெள்ளை அணு. குடற்புழுவை எதிர்ப்பதற்காக உடலில் இருப்பது. அது மூக்குச் சவ்வில் வந்து குவிந்தால், புழுவைக் கொல்ல வைத்திருக்கும் நச்சுப் புரதங்களை நம் சவ்வின் மேலேயே கொட்டுகிறது. நுண்மயிர்ச் செல்கள் உதிர்கின்றன. உதிர்ந்த இடத்தில் கோழை சுரக்கும் செல்கள் கூடுதலாக முளைக்கின்றன. 'கோப்ளெட் செல் பெருக்கம்' என்று எழுதியிருப்பது அதைத்தான். தள்ளுகிற ஆள் குறைந்து, சுரக்கிற ஆள் கூடிவிட்டால் என்ன ஆகும்? கோந்து போல இழுபடுகிற கோழை அறைக்குள்ளேயே தங்கும். 'பேஸ்மென்ட் மெம்ப்ரேன்' என்பது சவ்வின் அடிப்படலம். நெடுநாள் அழற்சியில் அங்கே கொலாஜன் என்ற நார்ப்புரதம் படிந்து தடித்துப்போகும். ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாயிலும் இதே தடிப்பைப் பார்க்கலாம். மூக்குச் சதையும் ஆஸ்துமாவும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது தற்செயல் அல்ல.

சதை இல்லாமலும் நாட்பட்ட சைனஸ் வரும். அந்த வகையில் நீர்வீக்கத்தைவிட நார்த்திசு அதிகம்; சவ்வு விறைத்து, வாசல் சுருங்கிவிடும். பல வருடம் கவனிக்காமல் விட்டால் சவ்வுக்கு அடியில் இருக்கும் எலும்பும் தடிக்கும். சிடி ஸ்கேனில் அறையின் சுவர் தடிமனாக வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் அதுதான்.

மறுபடி வளருமா? வளர வாய்ப்பு உண்டு. மறைத்துச் சொல்வது உங்களுக்கு நல்லதல்ல. ஆபரேஷனில் தொங்கிய சவ்வு போய்விட்டது. அழற்சி உண்டாகிற தன்மை உடம்பிலேயே இருக்கிறது. ரிப்போர்ட்டில் இயோசினோஃபில் எண்ணிக்கை எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நுண்ணோக்கியின் ஒரு பெரிதாக்கிய பார்வைப் பரப்பில் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதை இயோசினோஃபில் வகை என்று எடுத்துக்கொள்கிறோம். எண்ணிக்கை இல்லையென்றால் ஆய்வகத்தில் கேளுங்கள். ஸ்லைடை வைத்திருப்பார்கள், மறுபடி பார்த்து எழுதித் தர முடியும். இந்த வகைக்கு உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போல நீண்டகாலத் துணை. மூக்கு நன்றாக இருக்கிறது என்று மூன்றாம் மாதம் நிறுத்திவிடுகிறவர்கள்தான் மறுபடி சதையோடு வருகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வலி மாத்திரை போட்ட அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கடைப்போ மூச்சிழுப்போ வந்த அனுபவம் உண்டா? ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், இபுப்ரொஃபென் எதுவாக இருந்தாலும் சரி. உண்டென்றால் மூக்குச் சதை, ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் சேர்ந்த வகையாக இருக்கலாம். சதை மிக வேகமாகத் திரும்புவது இவர்களுக்குத்தான். மருந்துச் சீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கடையில் 'உடம்பு வலிக்கு ஏதாவது கொடுங்க' என்று இனி கேட்கவே கூடாது.

பாலக்கோடு வாசகர்: தக்காளி மண்டியில் வேலை. வருடத்துக்கு நான்கைந்து தடவை ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறேன். சாப்பிடும்போது நன்றாக இருக்கிறது, பத்து நாளில் பழையபடி மஞ்சள் சளி. மருந்து வேலை செய்யவில்லையா, கிருமி பலமாகிவிட்டதா?

இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. திடீரென்று வருகிற சைனஸ் தொற்றில் கிருமி முதலாளி. நாட்பட்டதில் அழற்சிதான் முதலாளி. தேங்கிய கோழையில் கிருமி வந்து குடியேறுகிறது. ஆன்டிபயாட்டிக் குடியேறியவனை விரட்டும், தேக்கத்தை எடுக்காது. அதோடு, கிருமிகள் சவ்வின் மேல் வழுவழுப்பான படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். பாசி பிடித்த தொட்டிச் சுவரைத் தேய்க்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் என்ன ஆகுமோ அதே கதை.

சளியின் நிறத்தை வைத்து மருந்து வாங்காதீர்கள். பச்சையும் மஞ்சளும் நம் வெள்ளை அணுக்களின் நொதியால் வரும் நிறம். கிருமி இல்லாமலும் வரும். கண்ணைச் சுற்றி வீக்கம், காய்ச்சலோடு ஒரு பக்க முகவலி, எண்டோஸ்கோப்பில் வாசலிலிருந்து சீழ் வடிவது தெரிவது, இவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் தேவை. அப்போதும் அந்தச் சீழைப் பஞ்சில் எடுத்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டுத் தொடங்குவது நல்லது.

உங்களுக்கு நாங்கள் சொல்வது: அடுத்த கோர்ஸுக்கு முன் மூக்கு எண்டோஸ்கோபி. சிடி ஸ்கேன் வேண்டுமென்றால், குறைந்தது ஆறு வாரம் கழுவலும் ஸ்ப்ரேயும் ஒழுங்காகச் செய்த பிறகு எடுங்கள். சளி பிடித்த வாரத்தில் எடுத்தால் நல்ல மூக்கும் ஸ்கேனில் நோயாகத் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, பழைய சீட்டுகளையெல்லாம் தேதி வாரியாக அடுக்கிக் கொடுங்கள்.

பென்னாகரம் வாசகி: உப்புத் தண்ணீர் விட்டு மூக்கைக் கழுவச் சொன்னார்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளூரைடு. ஒகேனக்கல் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வரும். எந்தத் தண்ணீரில் கழுவுவது? ஒரு தடவை செய்து பார்த்தேன், மூக்கு திகுதிகுவென்று எரிந்தது, காதுக்குள் தண்ணீர் போன மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

விட வேண்டாம் அம்மா. எரிந்ததற்கும் காது அடைத்ததற்கும் காரணம் இருக்கிறது, இரண்டையும் சரிசெய்யலாம்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். ஃப்ளூரைடு கெடுதல் செய்வது வருடக்கணக்கில் குடிப்பதால். மூக்கில் விட்டு வெளியேற்றுகிற தண்ணீரில் அந்தக் கவலை பெரிதல்ல. இங்கே ஆபத்து வேறு. குழாய்த் தண்ணீரிலும் தொட்டித் தண்ணீரிலும் அமீபா இருக்கலாம். குடித்தால் வயிற்று அமிலத்தில் செத்துவிடும். மூக்கின் உச்சிக்குப் போனால் மூளைக்கு ஏறிவிடும். மிக அரிது, வந்தால் பெரும்பாலும் உயிர் போகும். எனவே போர், ஒகேனக்கல், கேன் தண்ணீர் எதுவானாலும் கொதிக்க வைத்தே தீர வேண்டும். ஆர்ஓ கேனும் விதிவிலக்கல்ல. தளதளவென்று கொதித்த பிறகு முழுசாக ஒரு நிமிடம் அடுப்பில் விட்டு, மூடி, ஆறவிடுங்கள். இருப்பதில் ஒகேனக்கல் தண்ணீரை எடுத்தால் உப்புக்கடினம் குறைவு, பாத்திரத்தில் வெள்ளை படியாது. ஒரு நாளைக்குக் கொதிக்க வைத்தது அந்த ஒரு நாளைக்குத்தான்.

எரிந்ததற்குக் காரணம் உப்பு அளவு. வெறும் தண்ணீரும் எரியும், அதிக உப்பும் எரியும். சரியான அளவு ஒரு லிட்டருக்கு 9 கிராம். அதாவது டீஸ்பூனில் தட்டிச் சமமாக வழித்த தூள் உப்பு ஒன்றரை. அதோடு ஆப்பசோடா அரை டீஸ்பூன். இது எரிச்சலைத் தணிக்கும், கோழையை இளக்கும். கல் உப்பை அப்படியே ஸ்பூனில் அளந்தால் கணக்குத் தப்பும், கற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் எடை குறையும். பொடித்து அளக்க வேண்டும். அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பு கிடைத்தால் அதுவே மேல். சிலருக்கு அயோடின் உப்பு உறுத்தும். இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றால் மருந்துக்கடையில் மூக்குக் கழுவும் பாட்டிலும் அளந்து கட்டிய பொட்டலமும் விற்கிறார்கள். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீருக்கு என்று போட்டிருக்கும், பெரும்பாலும் 200 அல்லது 240 மில்லி. பாதிப் பாட்டிலில் முழுப் பொட்டலத்தைக் கொட்டிவிட்டு எரிகிறது என்று வருகிறவர்கள் உண்டு.

சூடு: உள்ளங்கையின் பின்பக்கம் ஊற்றினால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. ஆறிப்போன தண்ணீர் நெற்றியைச் சுளீரென்று இழுக்கும்.

செய்யும் விதம் இப்படி. வாஷ்பேசின் முன்னால் இடுப்பிலிருந்து நன்றாகக் குனியுங்கள். முகம் பேசினைப் பார்த்திருக்கட்டும், தலையைக் கொஞ்சம் ஒரு பக்கம் சாயுங்கள். வாயைத் திறந்து, வாயால் மூச்சு விட்டபடி 'ஆ...' என்று சொல்லிக்கொண்டே மேலே இருக்கும் துவாரத்தில் பாட்டிலை வைத்து மெதுவாக அழுத்துங்கள். 'ஆ' சொல்லும்போது உள்நாக்கு எழும்பித் தொண்டையை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் தொண்டைக்கு இறங்காது. நீங்கள் போன தடவை தலையை அண்ணாந்தோ, பாட்டிலை வேகமாக அழுத்தியோ, நடுவில் எச்சில் விழுங்கியோ இருப்பீர்கள். விழுங்கினால் காதுக்குப் போகும் குழாய் திறந்துகொள்ளும், அதனால்தான் காது அடைத்தது. ஒரு பக்கம் 120 மில்லி, மறுபக்கம் 120 மில்லி. முடிந்ததும் இரண்டு துவாரமும் திறந்திருக்க மெதுவாகச் சிந்துங்கள். ஒரு பக்கத்தை மூடிக்கொண்டு பலமாகச் சிந்தினால் சளி காதுக்கு ஏறும். பிறகு கீழே குனிந்து தலையை இடமும் வலமும் திருப்பினால் அறையில் தங்கிய மிச்சம் வந்துவிடும். இதைச் செய்யாதவர்களுக்குத்தான் ஒரு மணி நேரம் கழித்துச் சோறு பரிமாறும்போது மூக்கிலிருந்து பொலபொலவென்று கொட்டும்.

பாட்டில் இல்லையென்றால் ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்ச் போதும். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு தடவை. பாட்டிலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மூக்கு முழுசாக அடைத்திருக்கும் நாளிலும் காது வலிக்கும் நாளிலும் கழுவ வேண்டாம்.

ஓசூர் வாசகர்: கம்பெனியில் நைட் ஷிஃப்ட். மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து போட ஆரம்பித்து இரண்டு வருடம். இப்போது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போடாவிட்டால் மூச்சே விட முடியவில்லை. பாட்டில் பையில் இல்லையென்றால் பயம் வருகிறது.

சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் சொட்டுகள் சவ்வின் இரத்தக் குழாய்களை இறுக்கி வீக்கத்தை உடனே வற்றவைக்கும். ஐந்து நாளைக்கு மேல் போடக் கூடாது என்பது விதி. தாண்டினால் மருந்து இறங்கும்போது குழாய்கள் முன்னைவிட அதிகமாகப் புடைக்கும், அதற்காக மறுபடி சொட்டு. இப்போது உங்கள் மூக்கை அடைப்பது பழைய சளி அல்ல, சொட்டு மருந்துதான். நுண்மயிர்கள் உதிர்ந்து, அந்த இடம் தோல் போலத் தட்டையான செல்களாக மாறுகிற அளவுக்குச் சவ்வு கெடும். நல்ல வேளையாக, நிறுத்தினால் பெரும்பாலும் சவ்வு மீண்டு வருகிறது.

நிறுத்தும் முறை: இன்றே ஸ்டீராய்டு ஸ்ப்ரே தொடங்குங்கள், மருத்துவர் சீட்டோடு. கூடவே உப்புநீர்க் கழுவல். ஒரு வாரம் கழித்து ஒரு துவாரத்தில் மட்டும் சொட்டை அடியோடு நிறுத்துங்கள். அந்தப் பக்கம் சில நாள் கல் மாதிரி அடைக்கும். மற்ற பக்கத்தில் மூச்சு இருப்பதால் தாங்கலாம். முதல் பக்கம் திறந்ததும் அடுத்ததையும் நிறுத்துங்கள். இரவில் தலையணையை உயர்த்திப் படுங்கள். இப்படியும் முடியாதவர்களுக்கு மருத்துவர் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை தருவார். சொட்டை நிறுத்திய பிறகு அடைப்புக்கு வேறு மூலகாரணம் உண்டா, எலும்பு வளைந்திருக்கிறதா, சதை இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் அர்த்தம் உண்டு.

தருமபுரி வாசகி: ஸ்டீராய்டு ஸ்ப்ரே ஒரு மாதம் அடித்தேன். ரத்தம் கசிந்ததுதான் மிச்சம். ஸ்டீராய்டு என்றாலே எலும்பு தேயும் என்கிறார்களே?

மொமெட்டாசோன், ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரேக்களில் இரத்தத்துக்குப் போகும் அளவு மிக மிகக் குறைவு. எலும்பு தேய்வு பற்றிய பேச்சு ஸ்டீராய்டு மாத்திரைக்குப் பொருந்தும். இரத்தம் வந்தது நடுச்சுவரில் அடித்ததால். அங்கே தோலுக்கு அடியிலேயே இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. நுனியை அதே பக்கக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி வையுங்கள். தலை சற்றுக் குனிந்திருக்கட்டும். அடிக்கும்போது உறிஞ்ச வேண்டாம்; தொண்டையில் கசப்பு இறங்கினால் மருந்து சவ்வைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். கழுவிய பத்து, பதினைந்து நிமிடம் கழித்து அடியுங்கள், கோழை மேல் அடித்தால் மருந்து கோழைக்குத்தான். ஒரு மாதம் போதாது. முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் வேண்டும். வாசனை திரும்புவது கடைசியில்தான்.

பர்கூர் வாசகர்: கிரானைட் பாலிஷ் பட்டறையில் 11 வருடம். மூக்குக்குள் கருப்பாகப் பொருக்கு கட்டுகிறது, வாசனை குறைந்துவிட்டது. துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.

துண்டு கண்ணுக்குத் தெரிகிற தூசியைத்தான் நிறுத்தும். கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூள். மூக்குச் சவ்வு நெடுநாள் தூசியில் வறண்டு, நுண்மயிர்ச் செல்கள் போய்த் தோல் போன்ற தட்டைச் செல்கள் வந்துவிடும். அந்த இடத்தில் கோழை நகராது, காய்ந்து பொருக்காகும். மூக்கு இப்படி என்றால் நுரையீரலையும் பார்த்தாக வேண்டும். சிலிக்கா தூளால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்தால், கெட்ட நுரையீரல் பழையபடி ஆகாது. மார்பு எக்ஸ்ரேயும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் இந்த மாதமே எடுங்கள்.

என்95 முகக்கவசம் மூக்கின் மேல் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாமல் போட வேண்டும். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. தண்ணீர் விட்டு அறுப்பதும் தேய்ப்பதும் தூசியைப் பெருமளவு குறைக்கும். காய்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதும், ஏர் அடித்துச் சட்டையைத் தட்டுவதும் அந்த நன்மையைக் கெடுத்துவிடும். ஷிஃப்ட் முடிந்ததும், வீட்டுக்கு வந்து அல்ல, உடனே மூக்கைக் கழுவுங்கள். பொருக்கை நகத்தால் எடுக்காதீர்கள், அடியில் புண்ணாகும். படுக்கும் முன் உப்புநீர் ஜெல் தடவினால் இளகும். அடிக்கடி ஒரே பக்கம் இரத்தம் கலந்து வந்தால் எண்டோஸ்கோபி தள்ளிப்போடக் கூடாத வேலை.

அரூர் வாசகர்: இடது மூக்கில் மட்டும் ஆறு மாதமாக நாற்றமடிக்கும் சளி. வலது பக்கம் சுத்தமாக இருக்கிறது.

முதலில் பல் மருத்துவரைப் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் கன்ன அறையின் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். சொத்தை அந்த வழியே ஏறும். பல்லைச் சரிசெய்யாமல் மூக்குக்கு என்ன செய்தாலும் நிற்காது. பல் நன்றாக இருந்தால் பூஞ்சை உருண்டை, வேறு கட்டி ஆகியவற்றைப் பார்க்க சிடி ஸ்கேன் வேண்டும். ஒரு பக்க நோயை 'சாதாரண சைனஸ்' என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

தேன்கனிக்கோட்டை வாசகி: மாதத்தில் நாலைந்து நாள் நெற்றியும் கண்ணும் பிளக்கிற வலி. வெளிச்சம் ஆகாது, வாந்தி வரும். சைனஸ் ஸ்கேன் நார்மல் என்கிறார்கள்.

ஸ்கேன் சொல்வதை நம்புங்கள். சளியும் அடைப்பும் இல்லாமல் இப்படி வருவது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி. நரம்பியல் அல்லது பொது மருத்துவரிடம் காட்டுங்கள்.

காவேரிப்பட்டினம் வாசகி: நொச்சி இலை, மஞ்சள் போட்டு ஆவி பிடிக்கலாமா?

கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிடித்துக்கொள்ளுங்கள். சவ்வின் வீக்கத்தை அது மாற்றாது. பாத்திரத்தை மடியில் வைத்து, போர்வை போட்டுக் குழந்தைகளுக்கு ஆவி பிடிப்பது வேண்டவே வேண்டாம். பாத்திரம் சாய்ந்து வெந்துபோகும்.

ஊத்தங்கரை வாசகர்: ஆபரேஷன் செய்தாலும் திரும்ப வரும் என்றால் எதற்குச் செய்ய வேண்டும்?

பழைய முறையில் கன்ன அறைக்கு அடியில் ஒரு துளை போட்டார்கள், கீழே ஓட்டை இருந்தால் வடிந்துவிடும் என்ற எண்ணத்தில். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தபோது, நுண்மயிர்கள் அந்தப் புது ஓட்டையைச் சட்டை செய்யாமல், அதைத் தாண்டிக் கோழையை மேலே பழைய இயற்கை வாசலுக்கே கொண்டுபோவது தெரிந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய எண்டோஸ்கோபிக் சைனஸ் ஆபரேஷன். அமெரிக்காவில் 1985-ல் டேவிட் கென்னடி அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்துப் பரப்பினார். சவ்வை உரித்தெடுப்பது இதன் நோக்கம் அல்ல. இயற்கை வாசலைத் திறந்து, சவ்வை முடிந்தவரை காப்பாற்றி, கழுவும் நீரும் ஸ்ப்ரேயும் அறைக்குள் போய்ச் சேர வழி செய்வது. ஆபரேஷனுக்கு முன் அறைக்குள் ஏறாத மருந்து பிறகு ஏறும். அதனால்தான் ஆபரேஷனுக்குப் பின் கழுவுவதை நிறுத்தியவருக்குப் பாதிப் பலன்தான்.

முதல் இரண்டு மூன்று வாரம் பொருக்கை எண்டோஸ்கோப்பில் சுத்தம் செய்ய வரச் சொல்வார்கள். வலிதான் இல்லையே என்று போகாமல் விட்டால் பொருக்கு பாலம் போல் ஒட்டி வாசலை மறுபடி மூடும். சவ்வு முழுசாக ஆற மூன்று மாதம்கூட ஆகலாம்.

மருந்தும் ஆபரேஷனும் கேட்காத மூக்குச் சதைக்கு டுபிலுமாப் ஊசி இருக்கிறது, 2019-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. இயோசினோஃபிலைத் தூண்டும் சமிக்ஞையையே தடுக்கும். விலை மிக அதிகம். நிறுத்தினால் பலருக்குச் சதை திரும்புகிறது. ஆபரேஷன் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் இடமுண்டா என்று தேதி குறிக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

மத்தூர் வாசகர்: அப்பாவுக்குச் சர்க்கரை 300-க்கு மேல். மூன்று நாளாக ஒரு பக்கக் கன்னம் வலி, மரத்த மாதிரி இருக்கிறது என்கிறார். சைனஸ் மாத்திரை வாங்கித் தரலாமா?

தர வேண்டாம். கட்டுப்படாத சர்க்கரையில் முகம் மரத்தால் கருப்புப் பூஞ்சையை நினைக்க வேண்டும். அது இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்து, சவ்வையும் எலும்பையும் கருக்கிவிடும். கண்ணுக்கும் மூளைக்கும் போவது நாள் கணக்கில். மூக்கிலோ அண்ணத்திலோ கருப்புத் திட்டு, கண் வீக்கம், இரட்டைப் பார்வை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். கடிதம் எங்களுக்கு வந்து சேர நாளாகியிருக்கும் என்பதால் உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறோம். இதே நிலையில் வீட்டில் யாராவது இருந்தால் இன்றைக்கே, இரவானாலும், காது மூக்கு தொண்டை மருத்துவரும் கண் மருத்துவரும் இருக்கிற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சர்க்கரைச் சீட்டையும் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.